கருகிய நாலு செடிகள்

முன் சீட்டில் ஒரு கஞ்சாச் செடியை உட்காரவைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் மாட்டி, ஃபிரெட் மகார்ட்டாஃப் தன் பிக்கப் வண்டியில் வந்து இறங்கினார். வெர்னா லாக்டின் வீட்டு ஜன்னலிலிருந்து அதைப் பார்த்த கிளெம் ஹாட்லிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சார்ஜெண்டம்மா, உங்க பழைய கேஸு தானா வீடு தேடி வருது."

வெர்னா கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள். இருபது வருடங்களுக்கு முன்னால், போலீஸ் சார்ஜெண்ட் உடுப்பில், இதே ஃபிரெட்டின் மாட்டுக்கொட்டகையில் நுழைந்து செடிகளை வேரோடு பிடுங்கி எறிந்தவள் அவள். இப்போது வீட்டுக்கு நாலு செடி வளர்த்துக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்லிவிட்டது. அவளும் ஓய்வு பெற்றுவிட்டாள். ருஷ்யாவிலிருந்து குடியேறியவர்கள் நிறைய வாழும் அந்த ஸ்லோக்கன் பள்ளத்தாக்கில் யார் வீட்டு வேலி அறுந்தாலும், யார் வீட்டு நாய் காணாமல் போனாலும், ஜனங்கள் அவளிடம்தான் வந்து நின்றார்கள். மனைவியை இழந்த கிளெம், ஒரு காலத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர், மதியமானால் அவளிடம் சீட்டாட்டத்தில் தோற்க வந்துவிடுவார். துப்பு வேலை என்றால் பத்து வயது குறைந்துவிடும் அவருக்கு.

ஃபிரெட் தொட்டியைத் தூக்கிவந்து சமையலறை மேஜைமேல் வைத்தார். மர ஆலையில் ஒடிந்த முதுகு, அவர் முகத்தில் வலியாய்த் தெரிந்தது. செடியின் இலைகள் நகம் போலக் கீழ்நோக்கி வளைந்திருந்தன. நுனிகள் தீயில் காட்டியதுபோலப் பொசுங்கியிருந்தன.

"பாரு. கொன்னுட்டான். நாலையும் கொன்னுட்டான்."

"யாரு?"

"வேற யாரு. என் மச்சான் நிக்தான்."

வெர்னா நாற்காலியை நகர்த்திப் போட்டாள். "உங்க செடிய புடுங்கிப் போட்டவ நான். என்கிட்டயா வர்றீங்க?"

"அதனாலதான் வர்றேன். கஞ்சாச் செடியப் பத்தி கோர்ட்டுல நின்னு அவ்வளவு நேரம் பேசினவ இந்தப் பள்ளத்தாக்குல வேற யாரு இருக்கா?"

சிரிப்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. மெதுவாக உட்கார்ந்தார். மனைவி போல்யாவுக்கு எலும்பு வரைக்கும் நோய் பரவிவிட்டது. பனி விழும்வரை தாங்கினால் பெரிது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பூக்களைக் காய்ச்சி ஃபிரெட் எடுக்கும் எண்ணெய்தான் அவளைத் தூங்கவைத்தது.

"போன வருஷம் காய்ச்சினது புட்டியோட அடியிலதான் கொஞ்சம் இருக்கு. இந்த நாலும்தான் அடுத்தது. இல்லாட்டி அவ முனகுவா வெர்னா. ராத்திரி, பகல்னு முனகுவா. அந்தச் சத்தத்த என்னால கேட்க முடியாது."

"நிக் ஏன் இதச் செய்யணும்?"

"அவன் பழைய பக்திக்காரன். புகை, சாராயம், மாமிசம் எதுவும் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு பேசுறவன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து அக்காவுக்குச் சங்கீதம் பாடுவான். போன தடவை கை கழுவிட்டு வர்றேன்னு போனவன், செடி இருக்கிற அறை வாசல்ல நின்னு முழிச்சிட்டிருந்தான். அன்னிக்குத்தான் இலையெல்லாம் இப்படிக் கருகியிருந்தத நானே சரியாப் பார்த்தேன். வெளிய போடான்னுட்டேன்."

"போல்யாவுக்குத் தெரியுமா?"

"தூங்கிட்டிருந்தா. நிக்குக்குச் சளின்னு சொல்லி வச்சிருக்கேன்." ஃபிரெட் தலையைக் குனிந்துகொண்டார். "அவன்தான்னு நிரூபிச்சுக் கொடு. ஆதாரம் இல்லாம சொன்னா போல்யா என்னை மன்னிக்கமாட்டா. ஆதாரம் கிடைச்சா, அவ சாவுக்குக்கூட அவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது."

கிளெமுக்குச் சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. சாகக் கிடக்கும் ஒரு பெண்ணுக்குக் கூடப் பிறந்தவன் கடைசியாக வந்து நிற்பதா கூடாதா என்பதை, இந்தக் கருகிய இலைகளா தீர்மானிக்கவேண்டும் என்று அவருக்கு மனசு கசந்தது.

மறுநாள் காலை இருவரும் ஃபிரெட் வீட்டுக்குப் போனார்கள். சமையலறை ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் போல்யா இருந்தாள். கம்பளிக்குள் சுருங்கிப்போன உடம்பு. தலையில் வழக்கமான பூப்போட்ட துணி. ஜன்னல் திண்டு முழுக்க ஊதாவும் வெள்ளையுமாய் வயலட் பூக்கள், சின்னச் சின்னத் தொட்டிகளில். அடுப்பில் முட்டைக்கோஸ் சூப் கொதித்துக்கொண்டிருந்தது.

"போலீஸும் பஸ்ஸும் ஒண்ணா வந்திருக்கு. நான் என்ன தப்பு பண்ணினேன்?" என்றாள் போல்யா. பேச்சு குழறியது, ஆனால் கண்ணில் குறும்பு இருந்தது.

"உங்க வீட்டுக்காரரோட செடியப் பார்க்க வந்தோம்," என்றாள் வெர்னா.

"பாவம், ராத்திரியெல்லாம் தூங்காம பார்த்துப் பார்த்து வளர்த்தார்." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கிளெம், சும்மா நிக்கிறதுக்கு அந்தப் பூவுக்கெல்லாம் தண்ணி ஊத்துங்க. குவளை அங்க இருக்கு."

நீண்ட மெல்லிய மூக்கு வைத்த சின்னக் குவளை அது. கிளெம் அதை எடுத்து முதல் தொட்டியின் மேல் சாய்த்ததுதான் தாமதம், போல்யா பதறிவிட்டாள்.

"ஐயோ, மேல ஊத்தாதீங்க. இலையில ஒரு சொட்டு பட்டாலும் புள்ளி விழுந்துடும். தட்டுல ஊத்துங்க. அதுவே கீழருந்து குடிச்சுக்கும்."

"பஸ்ஸுக்கு டீசல் ஊத்தின கைக்கு இதெல்லாம் எங்க தெரியும்," என்று கிளெம் வழிந்தார். போல்யா லேசாகச் சிரித்தாள். சிரித்த வாயோடு கண் செருகிவிட்டது. ஃபிரெட் ஓடிவந்து அவள் தலைக்குத் தலையணை வைத்தார். காலை மருந்து வேலை செய்கிறது என்றார்.

செடிகள் இருந்த பின்னறை ஒரு காலத்தில் போல்யாவின் தையல் அறை. இப்போது கூரையிலிருந்து விளக்கு தொங்கியது. தரையில் மூன்று தொட்டிகளும், நேற்று வண்டியில் வந்துபோன நாலாவதும் இருந்தன. அலமாரியில் உரப்பெட்டி ஒன்று. உள்ளே மூன்று புட்டிகள்: இலை வளர்ச்சிக்குப் பச்சைத் திரவம், பூப்பதற்கு இளஞ்சிவப்பு, நுண்சத்துக்கு ஒரு பழுப்பு.

"எப்படிக் கொடுப்பீங்க?" என்று கேட்டாள் வெர்னா.

ஃபிரெட் முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது. "நல்ல மண்ணு. அதுலயே பாதிச் சத்து இருக்கு. அதனால பெட்டியில எழுதியிருக்கிறதுல பாதிதான் போடுவேன். முதல்ல வாளியில தண்ணி, அப்புறம்தான் மருந்து ஒவ்வொண்ணா. கலக்கி, நீளக் குழாய்க் குவளையால நின்னுக்கிட்டே மண்ணு மேல ஊத்துவேன். எனக்குக் குனிய முடியாது. தட்டுல வடிஞ்சா துடைக்க ஆள் வேணும். அதனால வடியாத அளவுக்கு அளந்துதான் ஊத்துறது."

"பச்சைப் புட்டி?"

"பூ பிடிச்சதுலருந்து அதத் தொடவே இல்ல. இப்ப தொட்டா பூ கெடும்."

வெர்னா பச்சைப் புட்டியை எடுத்தாள். அது காலி. மூடி திருகப்படாமல் சும்மா மேலே உட்கார்ந்திருந்தது, அவள் விரல் பட்டதும் கையோடு வந்துவிட்டது. அவள் முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். மேல்மண்ணைக் கிள்ளி முகர்ந்தாள். அது கருப்பாய், சுத்தமாய் இருந்தது. பிறகு தாழ்ந்த கிளைகளை ஒதுக்கிவிட்டு, தொட்டியின் அடித்தட்டை விளக்கு வெளிச்சத்தில் இழுத்தாள். தட்டு முழுக்க உப்புப் பொருக்கு. வெள்ளையும் பச்சையுமாய், ஒன்றின்மேல் ஒன்றாகக் கோடு கோடாய்ப் படிந்திருந்தது. நாலு தட்டுகளும் அப்படித்தான்.

ஒரு கருகிய இலையைப் பறித்து கிளெமின் உள்ளங்கையில் வைத்தாள். "நல்லாப் பார்த்து வச்சுக்கோங்க."

பார்த்தார். விளிம்பில் கருப்பு, அதற்குள் பழுப்பு வளையம், அதற்குள் மஞ்சள், நடுவில் மட்டும் பச்சை. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பத்திரமாய்ச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வண்டியில் ஏறியதும் கிளெமின் மூளை பறந்தது. "சார்ஜெண்டம்மா, எனக்கு என்னமோ அந்த நர்ஸ் பொண்ணு மேலதான் சந்தேகம். கிளெண்டா. ஃபிரெட் டவுனுக்குப் போற நாள்ல அவதான் வீட்ல இருக்கா. கஞ்சா வாடையே ஆகாது அவளுக்கு, மூக்கப் பிடிச்சுக்கிட்டு நடப்பா."

"மூக்கப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறவ தினம் தினம் அந்த அறைக்குள்ள போவாளா?"

"தினம் தினம்னு யார் சொன்னா?"

"உங்க பையில இருக்கிற இலை சொல்லுது," என்றாள் வெர்னா. நிக்கைப் பார்க்கப் போகலாம் என்று வண்டியைக் கிளப்பினாள். அவள் முகம் என்னவோபோல் இருந்தது.

நிக் ஜைட்ஸாஃப் தன் கண்ணாடிக் கொட்டகையில் தக்காளிக் கொடிகளுக்கு நடுவே நின்றிருந்தான். அறுபது தாண்டியவன், கல்யாணமாகாதவன், பிரார்த்தனை மண்டபத்தில் முதல் குரல் அவனுடையது. கேட்டதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னான்.

"வாசல்ல நின்னது உண்மைதான். உரம் ஏறிக் கருகுற இலையப் பார்த்தா ஒரு தக்காளிக்காரன் நிக்காம போவானா? நானும் இதே மாதிரி திரவ உரம்தான் போடுறேன். சொல்லணும்னு வாயத் திறந்தேன், அதுக்குள்ள அவர் கத்த ஆரம்பிச்சுட்டார்."

"அந்தச் செடி உங்களுக்குப் பிடிக்காது."

"பிடிக்காது. அதுக்காக அக்காவோட மருந்தையா அழிப்பேன்?" கையிலிருந்த தக்காளியைக் கூடையில் போட்டான். "ஒண்ணு சொல்றேன். நான் பாட ஆரம்பிச்சு நாலு வரி தாண்டுறதுக்குள்ள அவ தலை சாஞ்சுடும். எழுப்பினா யாருன்னு கேக்கிறா. இப்ப பாடறதுக்கும் வழி இல்ல. நான் செய்யலன்னு எப்படி நிரூபிக்கிறது? அவ போறதுக்குள்ள ஒருதரம் பார்த்துட்டாப் போதும் எனக்கு."

வெர்னா அவன் தோளைத் தொட்டாள். "ஞாயித்துக்கிழமை மதியம் அங்க வந்துடுங்க. நான் கூப்பிட்டேன்னு சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபிரெட் வீட்டுச் சமையலறையில் எல்லோரும் கூடினார்கள். வெர்னா முன்கூட்டியே கேட்டுக்கொண்டபடி, போல்யாவின் காலை மருந்தை ஃபிரெட் தள்ளிவைத்திருந்தார். அதனால் அவள் விழித்திருந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிளெண்டா சுவரோரம் நின்றாள். கதவைத் தட்டிவிட்டு நிக் உள்ளே வந்ததும் ஃபிரெட் எழுந்தார். வெர்னா அவரைக் கையமர்த்தினாள்.

"சளி போயிடுச்சாடா?" என்றாள் போல்யா.

நிக் மச்சானைப் பார்த்தான். "எனக்குச் சளியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

"செடியக் கொன்னது இவன்தான் போல்யா," என்றார் ஃபிரெட். "அதான் வரவேண்டாம்னேன். இப்ப வெர்னா சொல்லட்டும்."

போல்யாவின் முகம் வெளுத்தது. வெர்னா மேஜைமேல் மூன்று பொருட்களை வைத்தாள்: கருகிய இலை, காலிப் புட்டி, உப்பேறிய தட்டு.

"முதல்ல இந்த இலை. ஒரே நாள்ல மொத்தமா ஊத்தியிருந்தா செடி பச்சையாவே துவண்டு விழுந்திருக்கும். இது அப்படி இல்ல. கருப்பு, பழுப்பு, மஞ்சள்னு வளையம் வளையமா கருகியிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா, பல வாரமா, விடாம ஊத்தியிருக்காங்க. நிக் வாரத்துல ஒரு நாள் வர்றவர். அதுவும் ஃபிரெட் கண்ணு முன்னாடி உட்கார்ந்து பாடுறவர். ஒரே ஒருதரம்தான் அந்தப் பக்கம் போனார். அப்பவே இலை கருகியிருந்துச்சு."

ஃபிரெட் இலையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அடுத்தது இந்தப் புட்டி. மூடியத் திருகாம சும்மா வச்சிருக்காங்க. அவசரத்துல விட்டதா இருந்தா ஒருதரம் விடலாம். மூடிக்கு உள்பக்கம் மரை மேல வழிஞ்சு காய்ஞ்ச தடத்தப் பார்த்தா, தினமும் அப்படித்தான் இருந்திருக்கு. நிக்கோட கை, கிளெண்டாவோட கை, ரெண்டும் திருகக்கூடிய கை."

கிளெண்டா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

"கடைசியா தட்டு. ஃபிரெட் மேல ஊத்துறவர், தட்டுக்குச் சொட்டு வராது. மேல்மண்ணு சுத்தமா இருக்கு. விஷம் முழுக்கத் தட்டு வழியா, கீழருந்து போயிருக்கு. நின்னுக்கிட்டு ஊத்துறவங்க யாரும் கிளைய ஒதுக்கிக் குனிஞ்சு தட்டுல ஊத்தமாட்டாங்க. தக்காளிக்காரரும் மண்ணுலதான் ஊத்துவார். தட்டுல ஊத்தணும்னு தோணுறது ஒரு பழக்கம். கைக்கு ஊறிப்போன பழக்கம்." வெர்னா நிறுத்தினாள். "நீங்க கேட்டது நிக்கா இல்லையான்னு. நிக் இல்ல. அதுக்கு மேல நான் சொல்லப்போறதில்ல ஃபிரெட்."

கிளெமின் கண்கள் அவரை அறியாமலே ஜன்னல் திண்டுக்குப் போயின. அந்தச் சின்னத் தட்டுகளையும் நீளமூக்குக் குவளையையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கண்டுபிடித்தோம் என்ற சந்தோஷம் துளிக்கூட வரவில்லை. கண்டுபிடிக்காமலே போயிருக்கலாம் என்று தோன்றியது.

"நான்தான் செஞ்சேன், ஃபெத்யா," என்றாள் போல்யா, ஃபிரெட்டை வீட்டுப் பெயரால் கூப்பிட்டு.

ஃபிரெட் அவளைப் பார்த்தார். புரியாத பார்வை.

"நீ விறகு பிளக்கப் போற நேரத்துல நாற்காலிய உருட்டிட்டுப் போய் ஊத்தினேன். கோடாரிச் சத்தம் கேக்கிற வரைக்கும் எனக்குப் பயம் இல்ல. சாகடிக்கணும்னு நினைக்கல. பூ கெட்டா போதும்னு நினைச்சேன். அது தானா கெட்டுச்சுன்னு நீ விட்டுடுவேன்னு நினைச்சேன். நீ இவன் மேல பழி போடுவேன்னு நான் கனவுலயும் நினைக்கலயே."

"உன் மருந்து போல்யா. உனக்குத்தானே..."

"எனக்குத்தான். சாயங்காலம் கொடுக்கிற, மறுநாள் காலையிலதான் முழிக்கிறேன். முழிச்ச கொஞ்ச நேரத்துலயே மறுபடி கொடுக்கிற. என் தம்பி வந்து பாடிட்டுப் போயிட்டான்னு நீ சொல்லித்தான் தெரியுது. மிச்சம் இருக்கிறதே நாலு நாளு. அதையும் தூங்கியே கழிக்கணுமா?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். வசந்தத்துல ஒருநாள் வேண்டாம்னு சொன்னேன். நீ எழுந்து விறகுக் கொட்டகைக்குப் போயிட்ட. இருட்டுற வரைக்கும் வரல. அன்னிக்குக் கோடாரிச் சத்தமே கேக்கல. நீ உள்ள உட்கார்ந்து என்ன பண்ணினன்னு நான் கேக்கவும் இல்ல. அதுக்கப்புறம் நீ கொடுத்தப்பல்லாம் வாயத் திறந்தேன்."

ஃபிரெட்டின் பெரிய கைகள் மேஜைமேல் கிடந்தன. "நீ முனகுறது..."

"முனகிட்டுப் போறேன். தாங்க முடியாத அன்னிக்கு நானே கேக்கிறேன், அப்ப கொடு. மத்த நேரத்துல நீ காதப் பொத்திக்கோ. ஆனா எழுந்து போகாத."

ஃபிரெட் எழுந்தார். கொட்டகைக்குத்தான் போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள், கிளெம் அவரைப் பிடிக்கவே கை நீட்டிவிட்டார். அவர் போகவில்லை. சுவரோரம் கிடந்த ஒரு நாற்காலியை இழுத்து, போல்யாவின் பக்கத்தில் போட்டு, நிக்கைப் பார்த்தார்.

"உட்காரு," என்றார். "தப்பாப் பேசிட்டேன். பாடு அவளுக்கு."

நிக் பாடினான். வாத்தியம் எதுவும் இல்லாத அந்தப் பழைய ருஷ்யச் சங்கீதம், ஒரே குரலில் மெதுவாக ஏறியது. நாலு வரி தாண்டியது. போல்யாவின் தலை சாயவில்லை. பாதியில் வலி வந்தது. அவள் உடம்பு வில்லாய் வளைந்தது, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கிளெம் தன் வாழ்நாளில் கேட்க விரும்பாத சத்தம். ஃபிரெட் முகத்தை மூடிக்கொண்டார். நிக் தடுமாறி நிறுத்தினான்.

"நிறுத்தாத," என்றாள் போல்யா பல்லைக் கடித்துக்கொண்டு. "கடைசி வரைக்கும் பாடு. இது எப்படி முடியுதுன்னு நான் கேட்டு எத்தனை நாளாச்சு."

அவன் முடித்தான். அதுவரை ஃபிரெட் அழுதுகொண்டே அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பனி விழுவதற்கு முன்னாலேயே போல்யா போய்விட்டாள். பிரார்த்தனை மண்டபத்து மேஜையில் அவர்கள் வழக்கப்படி ரொட்டியும் உப்பும் தண்ணீரும் வைத்திருந்தார்கள். நிக்கின் குரல் முன்னால் போக, மற்றவர்கள் எல்லோரும் பின்னால் பாடினார்கள். கிளெம் வெளியே வந்தபோது ஃபிரெட் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தார். வெர்னா சற்றுத் தள்ளி வண்டியருகே நின்றாள், கிட்டே வரவில்லை.

"கடைசியில நிறையப் பேசினா கிளெம்," என்றார் ஃபிரெட். "கல்யாணத்துக்கு முன்னாடி அவ வேற ஒருத்தனுக்குக் கடுதாசி போட்டாளாம். எனக்குத் தெரியவே தெரியாது. சொல்லிட்டு அப்படிச் சிரிச்சா. வலியில கத்துவா, அடங்கினதும் விட்ட இடத்துலருந்து பேசுவா. நானும் காதப் பொத்திக்கல."

கிளெம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"போன வருஷத்துச் செடி நல்லா வந்துச்சு தெரியுமா. அளந்து அளந்து ஊத்தினேன். ஒரு இலைகூடக் கருகல. ஊர்ல எல்லாருக்கும் காட்டினேன்." ஃபிரெட் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் கொஞ்சம் மோசமா வளர்த்திருந்தா, எனக்கு ஒரு வருஷம் முழுசா, முழிச்சபடி கிடைச்சிருப்பா அவ."

குளிர் ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஃபிரெட்டின் கையைப் பிடித்து எழுப்பி, பாட்டு நடந்துகொண்டிருந்த மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார்.